விதைக்காத கீரைக்கும் ஓர் இடம் வேண்டும்

களை எடுக்கப் போகும் பெண்கள் ஒரு காலத்தில் வெறும் மடியோடு வீடு திரும்பியதில்லை. சோளக்காட்டிலோ கடலைக்காட்டிலோ வரிசையாக உட்கார்ந்து கொத்திக்கொண்டே போகும்போது புல்லையும் கோரையையும் ஒரு பக்கம் வீசுவார்கள். பண்ணைக்கீரையோ தொய்யக்கீரையோ குமுட்டிக்கீரையோ தட்டுப்பட்டால் கொழுந்தை மட்டும் கிள்ளி மடியில் போட்டுக்கொள்வார்கள். சாயங்காலம் கூலியோடு கீரையும் வீடு வந்து சேரும். சட்டியில் வெந்து, மத்தில் கடைபட்டு, இரவுக் களிக்கோ கம்மஞ்சோற்றுக்கோ குழம்பாகிவிடும். கொங்கு நாட்டிலும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமும் வயதான பெண்களைக் கேட்டால், எந்த மழைக்கு எந்தக் காட்டில் எந்தக் கீரை வரும் என்று இன்றும் விரல்விட்டுச் சொல்வார்கள். அதை யாரும் விதைத்ததில்லை, தண்ணீர் பாய்ச்சியதில்லை, விலை வைத்ததில்லை. நிலத்துக்காரரும் தடுத்ததில்லை, களை போனால் அவருக்கும் நல்லதுதான்.

அந்தக் கீரை இன்று அருகிவிட்டது. முதன்மையான காரணம் களைக்கொல்லி. முதுகில் தெளிப்பானை மாட்டிய ஒரே ஆள், ஒரு கூட்டம் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து செய்த வேலையைச் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். ஆள் கிடைக்காமல் திண்டாடும் விவசாயியை இதற்காகக் குறைசொல்ல முடியாது. ஆனால் பயிருக்கு நடுவே அடித்த மருந்து மெல்ல வரப்புக்கு வந்தது, வரப்பிலிருந்து வாய்க்கால் கரைக்கு வந்தது, இப்போது ஊர்ச்சாலை ஓரத்துக்கும் வந்துவிட்டது. பயிரே இல்லாத இடத்தில் களை என்று எதைச் சொல்வது? கூலியையும் குழம்பையும் சேர்ந்தாற்போல் இழந்தவர்கள் அந்தப் பெண்கள். இழப்பு எந்த விளைச்சல் கணக்கிலும் ஏறவில்லை; ஏனென்றால் அந்தக் கீரை எந்தக் கணக்கிலும் முதலில் இருந்ததே இல்லை.

இப்போதும் எல்லாம் போய்விடவில்லை. முதல் நல்ல மழைக்குப் பிறகு வேலியோரம் முடக்கத்தான் படர்கிறது, தூதுவளை ஏறுகிறது, ஈரம் நிற்கும் இடத்தில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் தலைகாட்டுகின்றன. தரிசில் மூக்கிரட்டை, வீட்டுக் கொல்லையில் குப்பைக்கீரை, கல்லிடுக்கில் புளியாரை, வேலிமேல் பிரண்டையும் கோவையும். செலவில்லாத இந்த உணவை மக்கள் தலைநிமிர்ந்து பறித்துச் சாப்பிட வேண்டும். எதைப் பறிக்கலாம், எங்கே பறிக்கக் கூடாது, எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்ற ஒழுங்கைப் பறிப்பவர்கள் கற்க வேண்டும். அது விளையும் பொதுநிலத்தைக் காக்கும் பொறுப்பை ஊராட்சிகள் ஏற்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் நிலைக்காது.

அரிசிக்கு இந்த மாநிலத்தில் பஞ்சமில்லை. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் தந்தது. 1982-இன் சத்துணவும் 2022-இல் வந்த காலை உணவும் பள்ளிப் பிள்ளைகளின் பசியைத் தீர்க்கின்றன. இவை பெருமைப்பட வேண்டிய திட்டங்கள். ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரிய வந்தது. தட்டில் சோறு இருக்கிறது. சோற்றோடு சேர வேண்டியவைதான் குறைகின்றன. பருப்பும் முட்டையும் காய்கறியும் விலையேறும்போது ஏழை வீட்டில் முதலில் சுருங்குவது அந்தப் பக்கம்தான்.

கீரை மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை தீர்ந்துவிடும் என்று சொல்வது பொய். இலையிலுள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் கொஞ்சம் கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். சாரணை, பொன்னாங்கண்ணி போன்றவற்றில் ஆக்சலேட் உண்டு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அளவாகச் சாப்பிட வேண்டும், வேகவைத்த தண்ணீரை வடித்துவிட வேண்டும். இத்தனையும் சொன்ன பிறகும், வாரத்தில் நாலு நாள் கீரை சேரும் தட்டு வெறும் ரசச்சோற்றுத் தட்டைவிட எவ்வளவோ மேல்.

பறிக்கத் தயங்குவதற்கு வெட்கமும் ஒரு காரணம். அது பழைய வெட்கம். சிறுபாணாற்றுப்படையில் ஒரு பாணன் வீட்டுப் பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைத்து, மற்றவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று கதவை அடைத்துவிட்டுத்தான் குடும்பத்தோடு உண்கிறாள். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் தம் வீட்டு வறுமையைச் சொல்லும் பாட்டிலும் இதுபோல் ஒரு குப்பைக்கீரை வருகிறது. ஏற்கெனவே கொய்த இடத்தில் மறுபடி துளிர்த்த தளிரை அவர் மனைவி மீண்டும் கொய்கிறாள். பல நூற்றாண்டுக்கு முன் எழுதியவருக்கு, கிள்ளினால் துளிர்க்கும் என்ற செடியின் குணம்வரை தெரிந்திருக்கிறது. அந்தக் கதவை இன்னும் அடைத்தே வைத்திருப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. நகரத்தில் முடக்கத்தான் தோசையும் தூதுவளை ரசமும் உணவகப் பட்டியலில் ஏறிவிட்டன. மூக்கிரட்டைப் பொடி டப்பாவில் அடைத்து விற்கப்படுகிறது. காசு கொடுத்து வாங்குபவருக்குப் பெருமை தரும் இலை, காட்டில் கிள்ளி வருபவருக்கு மட்டும் இழிவாவது அநியாயம்.

இனி ஒழுங்குக்கு வரலாம். முதல் ஒழுங்கு, அடையாளம் தெரியாததைத் தொடாமல் இருப்பது.

குப்பைக்கீரையும் குப்பைமேனியும் ஒரே கொல்லையில் பக்கத்துப் பக்கத்தில் முளைக்கும். பேரும் பாதி ஒன்று. புதிதாகப் பறிக்க வருபவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுவதுண்டு. இலையைத் திருப்பிப் பார்த்தால் விஷயம் விளங்கும். குப்பைக்கீரையின் இலை விளிம்பு வழவழப்பாக இருக்கும், நுனியில் லேசாக ஒரு வெட்டு விழுந்திருக்கும். பூ பச்சையாகக் கதிர்போல் உச்சியில் நீளும். குப்பைமேனி இலையின் விளிம்பு ரம்பப் பல் போல இருக்கும். இலைக்கணுவில் வரும் பூங்கதிரைச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் போன்ற பச்சைச் செதில்கள் தாங்கி நிற்கும். முதலாவது உணவு. இரண்டாவது, விவரம் தெரிந்த வைத்தியர் கையில் மருந்து. குப்பைமேனி சேர்ந்த கஷாயத்தைக் குடித்தவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துபோன நிகழ்வுகளை இலங்கை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அது ஆபத்து. அந்தக் குறைபாடு தனக்கு உண்டா என்று நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

கிழங்கில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். மாநில மலரான செங்காந்தளின் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. கண்வலிக்கிழங்கு என்று ஊரில் சொல்வது அதைத்தான். அதிலுள்ள கோல்ச்சிசின் வேகவைத்தாலும் போகாது. குன்றிமணி, ஊமத்தை, அரளி, காட்டாமணக்கு ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே காட்டிக் கொடுக்க வேண்டும். காட்டாமணக்குக் கொட்டையைக் கடலை மாதிரி உடைத்துத் தின்றுவிட்டுப் பள்ளிப் பிள்ளைகள் வாந்தியும் பேதியுமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படும் செய்தி அடிக்கடி வருகிறது.

காளான் விஷயத்தில் ஒரே சொல்தான்: பரம்பரையாகப் பறித்துப் பழகியவர் கூட இல்லாவிட்டால் வேண்டாம். இடி இடித்து மழை பெய்த மறுநாள் புற்றோரம் பூக்கும் காளானுக்கு ஈடான சுவை குறைவு என்பதும் உண்மை, தப்பானதைத் தின்றால் பிழைப்பது கடினம் என்பதும் உண்மை. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் சாப்பிட்ட 13 பேர் இறந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டப் பகுதியைச் சேர்ந்தவர்கள். வெள்ளிக்காசைப் போட்டால் கறுக்கும், மஞ்சள் சேர்த்தால் நிறம் மாறும், பூச்சி அரித்திருந்தால் சாப்பிடலாம் என்று ஊருக்கு ஊர் சொல்லப்படும் சோதனைகளில் ஒன்றுகூட நம்பத்தக்கதல்ல. கொடிய காளான் நஞ்சு ஆறு மணி நேரத்துக்கு மேல் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். வாந்தி தொடங்கும்போதே நஞ்சு கல்லீரலைக் கெடுக்கத் தொடங்கியிருக்கும்.

செடி சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது நிற்கும் இடமும் சரியாக இருக்க வேண்டும். ஒரே வல்லாரை, மலையடிவார ஓடையோரத்தில் உணவு. சாக்கடை கலக்கும் ஏரியின் கரையில் நஞ்சு. நீரில் வளரும் கீரைகள் தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் அவை வெளியே வராது. தோல் தொழிற்சாலை, சாயப்பட்டறை, குப்பைக்கிடங்கு ஆகியவற்றின் கீழ்ப்பக்கம் எதையும் பறிக்கக் கூடாது. நெடுஞ்சாலை ஓரமும் அப்படியே. ஈயம் கலந்த பெட்ரோலை இந்தியா 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே நிறுத்திவிட்டது, ஆனால் மண்ணில் படிந்த ஈயம் தானாகப் போவதில்லை. சாலையை விட்டு உள்ளே தள்ளி, வண்டிப் புகை படாத இடத்தில் பறிப்பதே நல்லது.

களைக்கொல்லி அடித்த வரப்பைக் கண்ணாலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வெயிலில் வாடும் செடிகள் ஒவ்வொன்றாக, இனத்துக்கு ஒரு விதமாக வாடும். மருந்து பட்ட இடத்தில் புல், பூண்டு, கொடி எல்லாம் ஒரே நேரத்தில் மஞ்சளிக்கும், அல்லது கொழுந்து முறுக்கிக்கொண்டு வளையும். ஆனால் அடித்த முதல் இரண்டு நாள் எந்த மாற்றமும் தெரியாமல் பச்சையாகவே நிற்பதும் உண்டு. நம் ஊர்க் கடைகளில் விற்கப்படும் பாராகுவாட் என்ற களைக்கொல்லி உடலுக்குள் போனால் அதற்கு மாற்றுமருந்தே கிடையாது. ஆகவே நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறிப்பதுதான் முறை. அந்த ஒரு கேள்வி மரியாதைக்கும் ஆகும், உயிருக்கும் ஆகும்.

கேட்பது சட்டத்துக்கும் ஆகும். பட்டா நிலத்தில் நிற்பது களையே ஆனாலும் அது நிலத்துக்காரருடையது. மண்ணோடு ஒட்டி நிற்கும்வரை அது திருட்டுப் பொருளாகாது. அவர் சம்மதம் இல்லாமல் பறித்து எடுத்துப்போனால் திருட்டாகிவிடும். பழைய தண்டனைச் சட்டமும் அப்படித்தான் சொன்னது, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அப்படித்தான் சொல்கிறது. கிராமத்தில் யாரும் ஒரு பிடிக் கீரைக்காகக் காவல் நிலையம் போவதில்லை. ஆனால் ஊருக்கு வெளியிலிருந்து வந்து சாக்கு நிறையப் பறித்து வண்டியில் ஏற்றுபவரைப் பார்த்தால் நிலத்துக்காரர் கோபப்படுவது நியாயம்.

புறம்போக்கில் கீரை கிள்ளுவது வழக்கத்தால் வந்த அனுபோகம். மரங்களின் கணக்கு வேறு. சாலையோரப் புளியமரங்களின் காய்ப்பு ஏலம் விடப்படுகிறது. புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்க வருவாய்த் துறை தனிநபர்களுக்கு 2சி பட்டா கொடுத்திருக்கும். ஆகவே கேட்பாரற்றுத் தொங்குவதுபோல் தெரியும் புளிக்கும் ஒரு குத்தகைதாரர் இருப்பார். அவர் முன்பணம் கட்டிவிட்டு மழைக்குப் பயந்துகொண்டிருப்பவர். நுங்குக்கும் இதே நிலைதான். பனை மரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. மரத்துக்குக் காவல் வந்தது நல்லதுதான், காய்க்கு உரியவர் யார் என்பதை ஊரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

காடு தனி. ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ சுற்றுலா போகிறவர் காப்புக்காட்டுக்குள் இறங்கி நெல்லிக்காய் உலுக்குவதும் மூலிகை பிடுங்குவதும் குற்றம். முயல், கௌதாரி, உடும்பு, ஆமை என எதைப் பிடித்தாலும் 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். அதே காட்டில் தேனும் கிழங்கும் சீயக்காயும் சேகரிக்கும் உரிமை, தலைமுறையாக அங்கே வாழும் இருளர், காடர், பளியர், குறும்பர் போன்ற மக்களுக்கு உண்டு. 2006-இன் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்கள் மீது அவர்களுக்குச் சொத்துரிமையையே கொடுக்கிறது. இதைச் சலுகை என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டதைத் திருப்பித் தந்ததுதான் அந்தச் சட்டம். காட்டுணவு மீது நகரத்துக்கு ஆசை வந்தால், அவர்கள் சேகரித்ததை நியாயமான விலைக்கு வாங்குவதே நேர்மையான வழி.

எவ்வளவு பறிக்கலாம்? இதற்கான விடை பறித்துப் பழகிய அம்மாக்களிடம் இருக்கிறது. “வேரோட புடுங்காத கண்ணு, அடுத்த வாரமும் வரணுமில்ல” என்று மகளிடம் சொல்லிக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் கொழுந்தை மட்டும் நுள்ளுவார்கள். ஒரு செடியில் கொஞ்சம், அடுத்த செடியில் கொஞ்சம். பூத்து விதைபிடித்த செடியை விட்டுவிடுவார்கள். பிரண்டையை இளங்கணுவாகப் பார்த்து ஒடிப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டுதான் நார் உரிப்பார்கள், இல்லாவிட்டால் விரலெல்லாம் அரிக்கும். நாக்கில் அரிக்காமல் இருக்க எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளியோடு அரைப்பார்கள்.

இலைக்குப் பொருந்தும் இந்தத் தாராளம் வேருக்குப் பொருந்தாது. ஊறுகாய்க்குப் பேர்போன மாகாளிக்கிழங்கு இதற்குச் சாட்சி. அது மலைப்பாறை இடுக்குகளில் மெதுவாக வளரும் ஒரு கொடியின் வேர். கடைக்கு வருவதில் பெரும்பங்கு காட்டிலிருந்து தோண்டி எடுக்கப்படுவது. தோண்டினால் கொடியே போய்விடும். அருகிவரும் இனங்களின் பட்டியலில் அது சேர்ந்துவிட்டது. தயிர்ச்சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு இது கசப்பான செய்தி. ஆனாலும் பயிரிட்டு வந்த கிழங்கா என்று கடைக்காரரைக் கேட்டு வாங்கும் பழக்கம் வந்தாக வேண்டும். காட்டு வள்ளியைத் தோண்டும்போது கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை மண்ணிலேயே விட்டு மூடினால் மறுபடி கிழங்கு இறங்கும். மாகாளிக்கு அந்தத் தாங்கும் சக்தி குறைவு.

பொதுவில் கிடைப்பதை எப்படி ஒழுங்காகப் பகிர்வது என்பதற்கு வேறு நாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கிறது. நாள் குறித்துச் சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள். விடிவதற்கு முன்பே கரை நெடுக ஊத்தாவும் கச்சாவும் கூடையுமாகச் சனம் நிற்கும். காவல் தெய்வத்தைக் கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துணியை வீசிக்காட்டும்வரை ஒருவரும் தண்ணீரில் கால்வைக்க மாட்டார்கள். வீசியதும் சாதி, ஊர் பாராமல் எல்லாரும் இறங்குவார்கள். கெண்டை, கெளுத்தி, குரவை, விரால், எது கிடைத்தாலும் அன்றைக்கு வீட்டுக் குழம்புக்கு, விற்பதற்கு அல்ல. ஒரே நாளில் முடிந்துவிடும். எப்போது, யார், எதைக் கொண்டு, எதற்காக என்ற நான்கு கேள்விக்கும் எழுத்தில்லாமலே அங்கே விடை இருக்கிறது. மீன்பாசிக் குத்தகை விட்ட கண்மாயில் இந்த உரிமை கிடையாது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

நிலக்கடலைச் செடி பிடுங்கி முடித்த காட்டில் தப்புக்கடலை பொறுக்குவதும் இதே வகைதான். நிலத்துக்காரர் அறுவடையை முடித்து, “இனி பொறுக்கிக்கலாம்” என்று சொன்ன பிறகுதான் பிள்ளைகள் மண்ணைக் கிளற இறங்குவார்கள். நெல் அறுத்த வயலில் எலிவளையைத் தோண்டும் இருளர்கள், எலியோடு அது சேர்த்துவைத்த நெல்லையும் எடுத்துக் காயவைத்துக் குத்திச் சோறாக்கியிருக்கிறார்கள். விவசாயிக்கு எலித்தொல்லை போயிற்று, அவர்களுக்கு உணவு ஆயிற்று. அறுவடை இயந்திரமும் எலி மருந்தும் வந்த பிறகு இந்தக் கொடுக்கல் வாங்கலும் சுருங்கிவிட்டது.

விலைவாசி ஏறும்போதுதான் இந்த அறிவின் அருமை தெரியும். கொழும்பின் உணவுப் பணவீக்கம் 2022 செப்டம்பரில் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, வீட்டில் பயிர் வைத்துக்கொள்ளுங்கள் என்று அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுப்பு கொடுக்க இலங்கை அமைச்சரவை முடிவு செய்தது. யாழ்ப்பாணத்துச் சமையலில் முசுட்டை இலை வறையும், இலைக்கஞ்சியும், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாக் கூழும் எப்போதும் உண்டு. கடைக்குப் போக முடியாத, போனாலும் வாங்க முடியாத நாட்களில் வேலியும் பனையும் கைகொடுத்திருக்கின்றன. அந்த இலைகளின் பேரும் பக்குவமும் மறந்துபோயிருந்தால் வேலியில் இருந்தும் பயனில்லை.

நம் பக்கத்தில் தெலங்கானாவின் ஜஹீராபாத் சுற்றுவட்டாரத்தில், தக்காண மேம்பாட்டுச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண் விவசாயிகள் விதைக்காத கீரையை வேறு கண்ணோடு பார்க்கிறார்கள். புன்செய்க் காட்டில் சோளம், துவரை, தினை என்று கலந்து விதைக்கும் அவர்கள், இடையில் தானாக வரும் கீரைகளையும் காட்டின் விளைச்சலாகவே எண்ணுகிறார்கள். அதனால்தான் களைக்கொல்லி வேண்டாம் என்ற முடிவு அவர்களுக்கு எளிதாக இருக்கிறது. மருந்தடித்தால் எதை இழப்போம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தச் சங்கத்துக்கு 2019-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது கிடைத்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கீரை விளையும் பொதுநிலத்தைக் காக்கப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. மேய்ச்சல் நிலம், களத்துமேடு, மாட்டுமந்தை, தோப்பு போன்ற புறம்போக்குகளை 1994-இன் ஊராட்சிகள் சட்டம் ஏற்கெனவே ஊராட்சியின் பொறுப்பில் வைத்திருக்கிறது. ஊர்ப் பொதுநிலத்தை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும் என்கிறது 2002-இன் பல்லுயிர்ச் சட்டம். பதிவேட்டை முடிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 வரை கெடுவும் வைத்தது. தாளில் எல்லாம் இருக்கிறது.

தாளில் இருப்பதைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். பதிவேட்டை அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்பாமல், களை எடுத்துப் பழகிய மூத்த பெண்களை அழைத்துக்கொண்டு மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை ஊரைச் சுற்றி வந்து எழுத வேண்டும். எந்தக் கீரை, எந்தக் கரை, எந்த மாதம், எப்படிச் சமைப்பது, எதைத் தொடக் கூடாது என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். பதிவேட்டில் அந்தப் பெண்களின் பேரும் இருக்க வேண்டும். ஊரக வேலைத் திட்டத்தில் ஏரிக்கரையைச் சுத்தம் செய்யும்போது, சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கட்டும். அதன் அடியில் வேறொன்று முளைப்பதே அரிது. ஆனால் சுத்தம் என்ற பேரில் தூதுவளைப் புதரையும் முடக்கத்தான் கொடியையும் மொட்டையடிப்பது வேலை அல்ல, நஷ்டம். சத்துணவு மையத்தின் கழிவுநீர் போகும் பாதையில் முருங்கையும் அகத்தியும் லச்சக்கெட்டகீரையும் வைக்கலாம். மூன்றும் குச்சி நட்டாலோ விதை போட்டாலோ எளிதில் வளர்பவை.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சாலையோரத்திலும் வாய்க்கால் கரையிலும் பள்ளி வளாகத்திலும் பொதுப்பணத்தில் களைக்கொல்லி அடிப்பதை ஊராட்சி நிறுத்த வேண்டும். தனியார் நிலத்தில் அடிப்பவர்கள், பாதையை ஒட்டிய வரப்பாக இருந்தால், ஒரு குச்சியில் சிவப்புத் துணியாவது கட்டிவைக்க வேண்டும். இதற்குக் கிராமசபைத் தீர்மானம் போதும். ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அதில் நவம்பர் 1-ஆம் தேதிக் கூட்டம் வடகிழக்குப் பருவமழையில், கரையெல்லாம் கீரை துளிர்த்திருக்கும் நேரத்தில் வருகிறது. தீர்மானத்தை எழுதிக்கொண்டுபோய்ப் படிக்க வேண்டியவர்கள், அந்தக் கீரையைக் கிள்ளிப் பழகிய பெண்கள்தான்.